பாவா புத்தகத்தைப் புகழ்ந்தவர்கள் – கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். திகில் படங்களைப் பற்றி எழுதும்போது இத்தாலிய இயக்குநர் மரியோ பாவா குறித்து அமெரிக்க விமர்சகர் டிம் லூகாஸ் எழுதிய புத்தகத்தைப் போகிறபோக்கில் குறிப்பிட்டிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுப் பாவாவின் நாலைந்து படங்களைத் தேடிப் பார்த்தேன். புத்தகம் வாங்கத்தான் வழியில்லை, பழைய பிரதிக்கே கட்டுப்படியாகாத விலை சொல்கிறார்கள். அதனால் புத்தகத்துக்கு வந்த மதிப்புரைகளைத் தேடி வாசித்தேன். எல்லாவற்றிலும் ஒரே பல்லவி. 1128 பக்கம், 12 பவுண்டு எடை, 32 ஆண்டு உழைப்பு, ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸியின் அறிமுகவுரை. இப்படி ஒரு புத்தகம் எந்த இயக்குநருக்கும் வாய்த்ததில்லை என்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. நண்பர் ஒருவரோ, "அது விமர்சனமே இல்லை, ஒரு ரசிகர் சேர்த்துவைத்த தகவல் மூட்டை" என்கிறார்.

எனக்கு இரண்டு சந்தேகங்கள். சின்ன பட்ஜெட்டில் பேய்ப்படம் எடுத்தவர், தன் படங்களைத் தானே கிண்டல் செய்தவர் என்று சொல்லப்படும் ஒருவருக்கு இத்தனை பெரிய புத்தகம் தேவையா? ரசிகர் எழுதுவதை விமர்சனம் என்று ஏற்கலாமா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

மதிப்புரைகளைப் பற்றி நீங்கள் சொல்வது சரிதான். நான் வாசித்தவற்றிலும் பெரும்பாலானவை பந்தல் எவ்வளவு பெரிது என்று வியந்துவிட்டு, இலையில் உட்காராமலே கிளம்பியவை. ஆனால் சோம்பேறித்தனம் மட்டும் அதற்குக் காரணமில்லை.

2007-ல் 'மரியோ பாவா: ஆல் தி கலர்ஸ் ஆஃப் தி டார்க்' அச்சில் வந்தபோது அதைப் பற்றிய பேச்சு ஏற்கனவே ஊரெல்லாம் பரவியிருந்தது. லூகாஸும் அவர் மனைவி டோனாவும் அமெரிக்காவில் சின்சினாட்டி நகரிலிருந்து 'வீடியோ வாட்ச்டாக்' என்ற பத்திரிகையை நடத்திவந்தார்கள். 1990-ல் தொடங்கி 2017 வரை வந்த பத்திரிகை அது. அதன் வாசகர்கள் புத்தகத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். இதோ அதோ என்று இழுத்துக்கொண்டே போன ஒன்று கடைசியில் வீடு வந்து சேர்ந்தால், முதலில் அதைத் தூக்கிப் பார்க்கத்தானே தோன்றும்? எழுதியது கணவர், பக்கம் வடிவமைத்தது மனைவி, வெளியிட்டது இருவரும் சேர்ந்து. பெரிய பதிப்பகம் எதுவும் பின்னால் இல்லை. திகில், அறிவியல் புனைவுப் படங்களுக்கான சாட்டர்ன் விருது கொடுப்பவர்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு சிறப்பு விருது கொடுத்தார்கள். அந்த விருதும் உழைப்புக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணம் கொஞ்சம் சங்கடமானது. லூகாஸ் சொல்வதைச் சரிபார்க்க ஆள் கிடையாது. 1950களில் ரோம் நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் எந்த ஷாட்டை யார் எடுத்தார், எந்த மலையை யார் கேமராவுக்கு முன்னால் வைத்த கண்ணாடியில் வரைந்தார் என்பதற்கெல்லாம் சாட்சிகள் அங்கே வேலை பார்த்தவர்கள்தான். அவர்களில் பலரும் புத்தகம் வெளிவரும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மறுத்து எழுத வேண்டுமென்றால் இன்னொருவர் தன் பாதி வாழ்க்கையைச் செலவிட வேண்டும். ஒரு மாதத்தில் மதிப்புரை எழுதித்தர வேண்டியவர் கும்பிடு போட்டுவிட்டு நகர்வதைத் தவிர வேறென்ன செய்வார்?

சரி, புத்தகம் என்னதான் சொல்கிறது? நான் புரிந்துகொண்டது இது. பாவாவை அவர் பெயர் போட்ட படங்களை மட்டும் வைத்து அளக்க முடியாது. அவருடைய சினிமாவில் பாதி, பெயர் இல்லாத இடங்களில் கிடக்கிறது. 1914-ல் சான் ரெமோவில் பிறந்தவர். அப்பா எயுஜேனியோ பாவா சிற்பி, இத்தாலிய மௌனப்பட காலத்தில் ஒளிப்பதிவும் தந்திரக் காட்சிகளும் செய்தவர். மகனுக்குக் கேமராவும் களிமண்ணும் ஒன்றாகவே பழக்கமாகின. இயக்குநர் என்று பெயர் போட்டு முதல் கதைப்படம் வெளிவந்தபோது அவருக்கு வயது 46. அதற்கு முன்பே அடுத்தவர்கள் பாதியில் விட்ட படங்களை முடித்துக்கொடுப்பது அவருடைய வாடிக்கையாகிவிட்டிருந்தது. இயக்குநர் ரிக்கார்டோ ஃப்ரெடா 'இ வம்பீரி' என்ற திகில் படத்தைப் பாதியில் விட்டுக் கிளம்பியபோது மிச்சத்தை எடுத்து முடித்தவர் அதன் ஒளிப்பதிவாளரான பாவா. ஃப்ரெடாவின் இன்னொரு படமான 'கால்டிகி'யிலும் அதே கதை. இயக்குநர் ஜாக் தூர்னரின் 'தி ஜயன்ட் ஆஃப் மாரத்தான்' படத்தையும் அவர்தான் கரைசேர்த்தார். அதற்கு நன்றிக்கடனாகத்தான் தயாரிப்பாளர்கள் அவருக்குச் சொந்தமாக ஒரு படம் கொடுத்தார்கள். அதுதான் 1960-ல் வந்த 'லா மாஸ்கெரா தெல் தெமோனியோ'. ஆங்கிலத்தில் 'பிளாக் சண்டே'. சூனியக்காரியின் முகத்தில் ஆணி பதித்த முகமூடியை வைத்து அடிப்பதோடு தொடங்கும் அந்தப் படத்தை பிரிட்டனில் 1968 வரை திரையிட விடவில்லை.

1957-ல் வந்த 'இ வம்பீரி'யில் ஒரு காட்சியைக் கவனித்துப் பாருங்கள். நடிகை ஜன்னா மரியா கனாலே கேமரா முன் நிற்கிறார். வெட்டே இல்லாமல், நம் கண்ணெதிரே அவர் முகம் சுருங்கிக் கிழவியாகிறது. ஒரு பிம்பம் கரைந்து இன்னொன்றாகும் டிசால்வ் கிடையாது. படம் கறுப்பு வெள்ளை. சுருக்கங்களைச் சிவப்பு நிறத்தில் முகத்தில் வரைந்திருக்கிறார்கள். சிவப்பு விளக்கொளியில் அந்தக் கோடுகள் தெரியாது, முகம் பளிங்குபோல இருக்கும். விளக்கின் நிறத்தை மெல்ல நீலப்பச்சைப் பக்கம் மாற்றினால் சிவப்புக் கோடுகள் கறுத்துக்கொண்டு மேலே வரும். பார்ப்பவருக்கு நிறம் எதுவும் தெரியாது, கிழவி மட்டும்தான் தெரிவாள். இந்த உத்தி பாவா கண்டுபிடித்ததல்ல. 1931-லேயே ஹாலிவுட் இயக்குநர் மமூலியன் தன் ஜெகில்-ஹைட் படத்தில் செய்துவிட்டார். ஆனால் அன்று ஃப்ரெடாவின் படத்துக்கு அதைக் கொண்டுவந்தது யார்? திரையில் இயக்குநர் பெயர் ஃப்ரெடா. அந்த முகத்தை எடுத்தது ஒளிப்பதிவாளர் கை. இப்போது அந்தக் காட்சி யாருடையது?

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு விளக்கு, பில்டர், மேக்கப் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அச்சம் பற்றியும் ஆழ்மனம் பற்றியும் பேசும் கோட்பாட்டாளர்கள் இதை எளிதில் கேட்க மாட்டார்கள். ஒரே படத்தை நூறு தடவை போட்டுப் பார்க்கும் ரசிகர்தான் கேட்பார். உங்கள் நண்பர் தகவல் மூட்டை என்கிறாரே, அதிலிருந்துதான் இந்த வாதமே பிறக்கிறது. அவர் தகவலையும் விமர்சனத்தையும் தனித்தனியாக வைத்துப் பார்க்கிறார்.

என் மனத்தாங்கல் வேறு. பாவாவின் கைரேகை பழகிவிட்டால் பார்க்கும் இடமெல்லாம் அவர்தான் தெரிவார். நல்ல ஷாட் வந்தால் பாவா, சொதப்பினால் வேறு யாரோ என்று ஆகிவிடும் ஆபத்து இருக்கிறது. பாவாவோடு வேலை பார்த்தவர்களுக்கு அவர்மேல் பிரியம் அதிகம். சத்தம் போடாத, ஜோக் அடிக்கும், அடுத்தவர் தலைவலியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும் மனிதர். அப்படிப்பட்ட ஒருவர் இறந்து பல வருடம் கழித்து அவரைப் பற்றிக் கேட்டால், ஞாபகம் கொஞ்சம் தாராளமாகத்தான் இருக்கும். புத்தகத்துக்கு முன்னுரை எழுதியிருப்பவர் யாரென்றால் அதே ஃப்ரெடா. வழக்கில் எதிர்க்கட்சிக்காரரே எழுந்து ஆமாம் என்கிறார்! அவர் 1999-லேயே காலமாகிவிட்டார், புத்தகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கும் தன் கணக்கு ஒன்று இருந்திருக்கும். பாவாவுக்குப் படம் இயக்கும் வாய்ப்பு வரட்டும் என்றுதான் 'கால்டிகி'யை விட்டு வெளியேறினேன் என்று பின்னாளில் சொல்லிக்கொண்டவர் அவர். வெளிநடப்பையே பெருந்தன்மையாக மாற்றிக்கொள்ள இதைவிட நல்ல வழி இருக்கிறதா? மதிப்புரைகள் இந்த இடத்தைத் தோண்டியிருக்க வேண்டும். எடை பார்த்துக்கொண்டிருந்ததில் இதை விட்டுவிட்டார்கள்.

அப்புறம், பாவா தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டது. உண்மைதான், பேட்டிகளில் தன் படங்களைக் குப்பை என்கிற தோரணையில்தான் பேசுவார். ஆனால் அந்தப் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். 'பிளானட் ஆஃப் தி வாம்பயர்ஸ்' எடுக்கும்போது கையில் இருந்தது இரண்டு பிளாஸ்டிக் பாறைகள்தான், ஸ்டூடியோவில் ஏதோ புராணப் படத்தில் மிஞ்சியவை என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்த இரண்டு பாறையையும் கண்ணாடியையும் புகையையும் வண்ண விளக்கையும் வைத்து ஒரு கிரகத்தையே காட்டியவருக்கு அந்த வேலையில் பெருமை இல்லை என்றா நினைக்கிறீர்கள்? 1968-ல் வந்த 'டேஞ்சர்: டயபாலிக்' படத்துக்குத் தயாரிப்பாளர் தீனோ தெ லாரென்டிஸ் 30 லட்சம் டாலர் ஒதுக்கினார். பாவா 4 லட்சத்தில் முடித்துக் கொடுத்தார். மிச்சப் பணத்தில் இரண்டாம் பாகம் எடுக்கலாம் என்று தயாரிப்பாளர் கேட்டபோது நழுவிக்கொண்டார். பெரிய பணம் அவருக்குத் தொந்தரவு. பணம் இல்லாத இடத்தில்தான் அவர் கை ஓடும்.

1966-ன் 'ஓபராசியோனே பவூரா'வைப் பாருங்கள், ஆங்கிலத்தில் 'கில், பேபி... கில்!'. படப்பிடிப்பு நடுவிலேயே பணம் தீர்ந்துபோய், குழுவினர் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்த படம். அதில் கதாநாயகன் ஒருவனைத் துரத்திக்கொண்டு ஓடுகிறான். கதவைத் திறந்தால் ஓர் அறை, அந்தப் பக்கக் கதவைத் திறந்தால் மறுபடியும் அதே அறை, அதே ஓவியம், அதே சாய்வு. ஒவ்வொரு சுற்றிலும் முன்னால் ஓடுபவன் கொஞ்சம் கிட்டத்தில் வருகிறான். எட்டிப் பிடித்துத் திருப்பினால் அவனே இவன். ஒரே ஒரு செட். செலவு எதுவுமில்லை. அதே படத்தில் வெள்ளைப் பந்தோடு வரும் பேய்ச் சிறுமி இரண்டே ஆண்டில் பேர்பெற்ற இத்தாலிய இயக்குநர் ஃபெலினியின் 'டோபி டாம்மிட்' படத்தில் சாத்தானாக வந்து நின்றாள். (பாவா படத்தில் அந்தச் சிறுமியாக நடித்தது ஒரு பையன்!) ஃபெலினி எடுத்தபோது உலகம் கலை என்றது. மூலத்தை எடுத்தவரை அவர் ஊர் விமர்சகர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. முதலில் மதித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், 'மிதி-மினுவி ஃபாந்தஸ்தீக்' பத்திரிகைக்காரர்கள். 1980 ஏப்ரல் கடைசியில் பாவா இறந்தார். ஓரிரு நாட்களில் ஹிட்ச்காக்கும் இறந்தார். எந்தச் சாவுச் செய்தி பெரிதாக வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அவ்வளவு பக்கம் எதற்கு என்று கேட்டீர்கள். பாவாவின் எந்தப் படத்தைப் பார்த்தோம் என்பதே ஒரு சிக்கல், அதனால்தான். 1963-ன் 'இ த்ரே வோல்தி தெல்லா பவூரா' மூன்று கதைகள் கொண்ட படம். அமெரிக்க விநியோக நிறுவனமான ஏஐபி அதை 'பிளாக் சபத்' ஆக்கியபோது கதைகளின் வரிசையை மாற்றியது, இசையை மாற்றியது, 'தொலைபேசி' கதையில் இரண்டு பெண்களுக்கு இடையிலான உறவை மழுப்பி, இல்லாத பேய் ஒன்றைச் செருகியது. (ஓஸி ஆஸ்போர்னின் இசைக்குழுவுக்குப் பெயர் கொடுத்தது இந்தத் தலைப்புதான்.) இத்தாலிய மூலத்தின் கடைசியில் நடிகர் போரிஸ் கார்லாஃப் குதிரைமேல் பாய்ந்து வருகிறார். கேமரா மெல்லப் பின்வாங்குகிறது. பார்த்தால் அது பொம்மைக் குதிரை, யாரோ ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆட்கள் கையில் மரக்கிளைகளோடு அவரைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறார்கள். காடு அதுதான். கார்லாஃப் சிரிக்கிறார். அமெரிக்கப் பதிப்பில் இது இல்லை. அதை மட்டும் பார்த்து வளர்ந்த ஒருவர் பாவாவைப் பற்றி என்ன எழுத முடியும்? 'வீடியோ வாட்ச்டாக்' ஆண்டுக்கணக்கில் செய்துவந்தது இந்த ஒப்பீட்டைத்தான். புத்தகத்தின் பருமனில் கணிசமான பங்கு அந்தப் பழக்கத்தின் விளைவு. எனக்கே சில இடங்களில் பக்கம் தள்ளத்தான் தோன்றியது. துணை நடிகர்களின் வாழ்க்கைக் குறிப்புகளில் முக்கால்வாசியை வெட்டியிருந்தாலும் வாதத்துக்கு ஒரு சேதமும் வந்திருக்காது.

ரசிகர் எழுதுவது விமர்சனமா என்ற கேள்விக்குப் பொதுவாக ஒரு பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. லூகாஸ் விஷயத்தில் அது விமர்சனம்தான், முதல் பாதியில். 1970களின் படங்களுக்கு வரும்போது அன்பு முந்திக்கொள்கிறது. பலவீனமான படங்களுக்கும் அவர் வக்காலத்து வாங்குகிறார்.

நீங்கள் புத்தகத்தைத் தேடி அலைய வேண்டாம். லூகாஸின் குரலே பாவா படங்களின் பல டிவிடி, புளூரே வட்டுகளில் வர்ணனையாக இருக்கிறது, புத்தகத்தில் உள்ளதில் நல்ல பகுதி அதில் வந்துவிடும். 'லீசா அண்ட் தி டெவில்' படத்திலிருந்து தொடங்குங்கள். 1973-ல் பாவா கனவுபோல எடுத்த அந்தப் படம் விலைபோகவில்லை. பேயோட்டும் படங்கள் சக்கைப்போடு போட்ட நேரம் என்பதால், தயாரிப்பாளர் ஆல்பிரெடோ லியோனே பாதிரியார், சாபம், வாந்தி எல்லாம் புதிதாக எடுத்துச் சேர்த்து 1975-ல் 'தி ஹவுஸ் ஆஃப் எக்ஸார்சிசம்' என்று விட்டார். இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பாருங்கள். பார்த்துவிட்டு, பாவா எந்த நிமிடத்தில் காணாமல் போகிறார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.