மெயிலிங் லிஸ்ட் அஞ்சல்களுக்கு ஃபில்டர் போட்டும் பாதி இன்பாக்ஸிலேயே விழுகின்றன. ஏன்?

ஃபில்டர் எதைப் பார்த்துப் பிரிக்கிறது என்று முதலில் பாருங்கள். சப்ஜெக்டில் சதுர அடைப்புக்குள் வரும் லிஸ்ட் பெயரையோ, ஃப்ரம் முகவரியையோ கொடுத்திருந்தால் தப்பத்தான் செய்யும். டெபியன் என்ற லினக்ஸ் திட்டத்தின் லிஸ்ட்டுகள் சப்ஜெக்டில் பெயரே சேர்ப்பதில்லை. ஃப்ரம் முகவரி ஆளுக்கு ஆள் வேறு. போதாததற்கு, எழுதியவரின் டொமைனில் டிமார்க் (போலி அனுப்புநரைத் தடுக்கும் ஏற்பாடு) கெடுபிடி இருந்தால், லிஸ்ட்டுகளை நடத்தும் மென்பொருளான மெயில்மேன் அங்கே லிஸ்ட் முகவரியைப் போட்டுவிடுவதும் உண்டு. டூ வரியும் உதவாது, லிஸ்ட்டை பிசிசியில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பிடிக்க வேண்டியது லிஸ்ட்-ஐடி ஹெடரை, அதாவது அஞ்சலின் தலைப்பகுதியில் லிஸ்ட்டின் அடையாளத்தைச் சொல்லும் வரியை. 2001இல் வந்த ஆர்எஃப்சி 2919 என்ற இணைய நெறி ஆவணம் இதற்கென்றே எழுதப்பட்டது. தண்டர்பேர்ட் அஞ்சல் மென்பொருளில் கன்ட்ரோல்-யு அழுத்தினால், ஜிமெயிலில் ‘ஷோ ஒரிஜினல்’ கொடுத்தால் அந்த வரி தெரியும். கோண அடைப்புக்குள் இருப்பதுதான் அடையாளம். அதற்கு முன்னால் வரும் விளக்கப் பெயரை நிர்வாகி எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆகவே அடைப்புக்குள் இருப்பதை மட்டும் எடுத்து, ‘கன்டெய்ன்ஸ்’ என்றே விதி எழுதுங்கள். ‘இஸ்’ வேண்டாம்.

ஜிமெயிலில் வேலை சுலபம். அஞ்சலைத் திறந்து, பெறுநர் பெயருக்குப் பக்கத்துச் சிறு முக்கோணத்தைத் தட்டினால் மெயிலிங் லிஸ்ட் வரியும் ஃபில்டர் இணைப்பும் வரும். லேபிள் கொடுப்பதோடு ‘ஸ்கிப் த இன்பாக்ஸ்’ஸையும் டிக் செய்யுங்கள். அதை விட்டால் அஞ்சல் இரண்டு இடத்திலும் தெரியும்.

தண்டர்பேர்டில் மெசேஜ் ஃபில்டர்ஸ் போய், சப்ஜெக்ட், ஃப்ரம் இருக்கும் பட்டியலின் கடைசியில் ‘கஸ்டமைஸ்’ எடுத்து லிஸ்ட்-ஐடியைச் சேர்க்க வேண்டும், முக்காற்புள்ளி இல்லாமல். ஆனால் இந்த ஃபில்டர் தண்டர்பேர்ட் திறந்திருக்கும்போது மட்டுமே ஓடும். கணினி அணைந்திருந்தால் போனில் எல்லாம் இன்பாக்ஸில்தான் குவியும். உங்கள் சர்வரில் சீவ் வசதி (சர்வரிலேயே அஞ்சலைப் பிரிக்கும் விதிகளுக்கான மொழி) இருந்தால் விதியை அங்கே வைப்பதே சரி. சீவில், அஞ்சலை ஃபோல்டரில் போடச் சொல்லும் ஒவ்வொரு ஃபைல்இன்டூவுக்கும் பின்னால் ‘ஸ்டாப்’ போடுங்கள். இல்லாவிட்டால் கீழே உள்ள விதியும் பொருந்தி ஒரே அஞ்சல் இரண்டு ஃபோல்டரில் விழும்.

இத்தனைக்குப் பிறகும் சில அஞ்சல்கள் இன்பாக்ஸுக்கு வந்தால், அவை பெரும்பாலும் ‘ரிப்ளை ஆல்’ கொடுத்தவர்களிடமிருந்து நேரடியாக வந்த பிரதிகள். லிஸ்ட் வழியாக வராததால் அவற்றில் லிஸ்ட்-ஐடி இருக்காது. மெயில்மேனில் இரட்டைப் பிரதியைத் தவிர்க்கும் அமைப்பு இயங்கினால் லிஸ்ட் பிரதி உங்களுக்கு வரவே வராது. அந்த நேரடிப் பிரதிகளையும் ஃபோல்டருக்குத் தள்ள விதி எழுதாதீர்கள். உங்கள் பெயருக்கே வந்த பதில்கள் அவை, இன்பாக்ஸில் இருக்கட்டும்.