மே மாத ஈசிஆர் பயணம்: பவுடர் டப்பா இருக்கட்டும், மாத்திரை அட்டையை முதலில் பாருங்கள்

கேள்வி: எனக்கு 47 வயது, கோவையில் இருக்கிறேன். மே இரண்டாவது ஞாயிறு எங்கள் குழுவில் அறுபது பேர் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ஈசிஆர் வழியாக சைக்கிளில் போகிறோம், சுமார் 150 கிலோமீட்டர். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. தினமும் காலை ஐந்தரைக்குக் கிளம்பி 40 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். ஏற்பாடு செய்பவர்கள் ஜெர்சியோடு 1,800 ரூபாய்க்கு ஒரு எலக்ட்ரோலைட் பவுடரும் வாங்கச் சொல்கிறார்கள். வெயிலுக்கு அது போதுமா? இரண்டு வருடமாக பிபி மாத்திரை எடுக்கிறேன்.

பதில், விளையாட்டு மருத்துவர்:

கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே பிபி மாத்திரை, அதிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். பவுடரை அப்புறம் பார்ப்போம்.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மருந்தின் பெயருக்குப் பின்னால் 'எச்' என்ற எழுத்து இருக்கிறதா? பொடி எழுத்தில் ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் என்று போட்டிருக்கிறதா? இருந்தால் உங்கள் மாத்திரை சிறுநீர் வழியாக உப்பையும் தண்ணீரையும் வெளியேற்றி ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று அர்த்தம். நல்ல மருந்துதான், குறை சொல்லவில்லை. ஆனால் எட்டு மணி நேரம் வியர்த்துக்கொண்டே போகிற நாளில், ஒரே குடத்தில் இரண்டு ஓட்டை விழுந்த மாதிரி ஆகிவிடும்.

அட்டையில் டெல்மிசார்டான், லோசார்டான் என்று இருந்தால் விஷயம் கொஞ்சம் வேறு. உடம்பில் தண்ணீர் குறையும்போது சிறுநீரகம் தன் ரத்த ஓட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வழி வைத்திருக்கிறது. இந்த மருந்து அந்த வழியைத் தளர்த்தும். பல அட்டைகளில் இரண்டு மருந்தும் ஒன்றாகவே இருக்கும். இதோடு மூன்றாவதாக ஒன்று சேர்வதுதான் எனக்குப் பயம்: வலி மாத்திரை. கிளம்பும் முன் முன்னெச்சரிக்கையாக ஒரு டைக்ளோஃபெனாக், மதியம் முழங்கால் வலித்தால் ஓர் ஐபுபுரூஃபென் என்று நீண்ட பயணங்களில் கைக்குக் கை மாறுகிறது. மருந்துக் கடையிலும் சீட்டு கேட்பதில்லை. நீர் வற்றிய உடம்பில் இந்த மூன்றும் கூடினால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடலாம். அன்றைக்கு யார் நீட்டினாலும் வலி மாத்திரையை வாங்காதீர்கள்.

மெட்டோபிரலால், அட்டினலால் என்றிருந்தால் இதயத் துடிப்பு அதிகம் ஏறாது. கைக்கடிகாரம் 120 என்று காட்டும். உடம்பு அதற்குள் களைத்துப் போயிருக்கும். அந்த எண்ணை நம்பாதீர்கள்.

இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது. எழுதிக் கொடுத்த மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். "மே மாதம் எட்டு மணி நேரம் வெயிலில் சைக்கிள் ஓட்டப் போகிறேன், அன்று காலை மாத்திரையை என்ன செய்யட்டும்?" என்று அப்படியே கேளுங்கள். ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பிபி உள்ளவர் உப்புக் கரைசல் குடிக்கலாமா என்ற கேள்வியும் வரும். வியர்வையில் போகிற உப்பை அன்று ஒரு நாள் ஈடு செய்வது வேறு, தினமும் ஊறுகாய் அப்பளம் சாப்பிடுவது வேறு. இதயமும் சிறுநீரகமும் சரியாக இருந்தால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். ஆனால் அந்தச் சம்மதம் அவர் வாயிலிருந்து வர வேண்டும்.

சரி, பவுடர். வாங்க வேண்டாம். பயிற்சியாளரோ ஏற்பாட்டாளரோ ஒரு குறிப்பிட்ட டப்பாவை வற்புறுத்தினால், அதில் அவருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று நேராகவே கேளுங்கள். மருந்துக் கடையில் முப்பது ரூபாய்க்குள் கிடைக்கிற ஓஆர்எஸ் பாக்கெட் போதும். அதில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று அச்சிட்டிருக்க வேண்டும். லிட்டருக்குச் சாதாரண உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம் என்பது அதன் கணக்கு. அட்டைப் பெட்டியில் பழச்சாறு போல விற்கும் இனிப்புத் தண்ணீரை ஓஆர்எஸ் என்று நம்பிப் பல வருடம் வாங்கிக் குடித்திருக்கிறோம். ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதற்காக எட்டு வருடம் போராட வேண்டியிருந்தது. 2022-ல் நிபந்தனையோடு அந்தப் பெயரை அனுமதித்த உணவுப் பாதுகாப்பு ஆணையம், 2025 அக்டோபரில்தான் அனுமதியைத் திரும்பப் பெற்றது. லேபிளில் பொய் இருக்கக் கூடாது என்பதற்கு எட்டு வருடமா? இன்றும் எனக்கு ஆறவில்லை.

வயிற்றுப்போக்குக்கு ஒரு பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். வியர்வைக்கு அவ்வளவு கறார் தேவையில்லை. சைக்கிளில் ஒரு பாட்டில் கரைசல், ஒரு பாட்டில் வெறும் தண்ணீர் வைத்து மாறி மாறிக் குடியுங்கள். ஈசிஆர் ஓரம் இளநீர் கிடைக்கும், தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் அதில் பொட்டாசியம்தான் நிறைய, சோடியம் குறைவு. உப்புப் போட்ட மோரும் கூடவே இருக்கட்டும். தாகமே இல்லாமல் லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீர் குடிப்பதும் ஆபத்து, நீர் பிரிய மாத்திரை எடுப்பவருக்கு இன்னும் அதிகம். ரத்தத்தில் சோடியம் இறங்கித் தலைவலி, குமட்டல், குழப்பம் என்று போகும். இப்போதே ஒரு மணி நேரம் ஓட்டி, முன்னும் பின்னும் எடை பாருங்கள். நடுவில் எதுவும் குடிக்காமல் முக்கால் கிலோ குறைந்தால் முக்கால் லிட்டர் வியர்த்திருக்கிறீர்கள். அதற்கு மேல் ஒரு மணி நேரத்தில் குடிக்கத் தேவையில்லை.

அடுத்தது உங்கள் பயிற்சி. 40 கிலோமீட்டர் தினமும் என்பது நல்ல அடித்தளம். ஆனால் கோவையில் காலை ஐந்தரை மணிக்கு உங்கள் உடம்பு வெயிலையே பார்ப்பதில்லை. வெப்பத்துக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். ரத்தத்தில் நீர் கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும். வெயிலை விட்டு விலகினால் சில வாரங்களில் அது போய்விடும். அதனால் மருத்துவர் சரி சொன்ன பிறகு, கடைசி இரண்டு வாரம் சாயங்காலம் நாலு மணி வாக்கில் கிளம்புங்கள். முதல் நாள் அரை மணி, மெதுவாக. பிறகு ஒரு மணி வரை கூட்டுங்கள். தனியாகப் போகாதீர்கள். கோவையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வியர்வை உலர்ந்துவிடும். கடலோர ஈரக் காற்றில் அது உலராமல் சொட்டும். சொட்டுகிற வியர்வை உடம்பைக் குளிர்விக்காது, தண்ணீரும் உப்பும்தான் வீணாகும். கோவையில் ஓட்டுகிற வேகத்தை அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது ஏற்பாட்டாளர்களிடம் ஒரே கேள்வி: எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம்? மணிக்கு 20 கிலோமீட்டர் என்றாலும் ஓய்வோடு ஒன்பது மணி நேரம் ஆகும். அதிகாலை நாலுக்குக் கிளம்பினால்கூட மதியம் ஒரு மணி வெயிலில்தான் புதுச்சேரி. மதியம் கடலிலிருந்து தென்கிழக்குக் காற்று எழும்பும், தெற்கே போகிறவருக்கு அது முகத்தில் அறையும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு குழுவோடு மருத்துவராகப் போனேன். கொடியசைக்க வேண்டிய சிறப்பு விருந்தினருக்காக ஏழு மணி வரை நின்றோம். மதியம் மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டுவதற்குள் நாலு பேரை வண்டியில் ஏற்றினேன். ஆம்புலன்ஸ் எங்கே என்றேன், ஆஸ்பத்திரியில் தயாராக நிற்கிறது என்றார்கள். வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழக அரசு 2024-ல் அறிவித்தது. ஆனாலும் மே மாதம் நூறு பேரைச் சாலையில் இறக்குகிறவர்களுக்குப் பதக்கமும் டிரோன் வீடியோவும்தான் முக்கியமாக இருக்கிறது. நாலு மணிக்குக் கிளம்ப ஒத்துக்கொள்ளாவிட்டால், குழுவோடு கூடவே வரும் வண்டியில் பனிக்கட்டி இல்லாவிட்டால், பணத்தைத் திரும்பக் கேளுங்கள். பத்தரைக்கு நிறுத்தி, சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடி ஏறுவது இன்னும் நல்லது.

கூட்டத்தில் ஓட்டும்போது முன்னால் போகிறவர் வேகம்தான் நம் வேகமாகிவிடும். ஒரு துணையை வைத்துக்கொள்ளுங்கள், அரை மணிக்கு ஒருமுறை பேச்சுக் கொடுங்கள். பதில் குழறினால், சைக்கிள் தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் கோபப்பட்டால் அது வெப்பத் தாக்காக இருக்கலாம். உடம்பு வறண்டிருக்க வேண்டும் என்றில்லை, வியர்வை கொட்டிக்கொண்டிருக்கும்போதே வரும். நிழலில் படுக்க வைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறி, கழுத்திலும் அக்குளிலும் பனிக்கட்டி வையுங்கள். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். வண்டி வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள். நினைவு குழம்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். பெயரை மறந்துவிட்டு "சின்ன வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் அவராலும் பதில் சொல்ல முடியாது.