யாழ்ப்பாணத்தில் பரவைக்கடலின் குறுக்கே சமமாக ஓடும் பண்ணை வீதியை வரைந்தால் அது மேட்டில் ஏறுவதுபோல் வருவது ஏன்?

வீதி ஓரங்கள் சேரும் புள்ளி தொடுவானக் கோட்டுக்கு மேலே போயிருக்கும், அதுதான் காரணம். தொடுவானம் எப்போதும் வரைபவரின் கண்மட்டம். சமதரையில் உங்கள் உயரமுள்ளவர் எவ்வளவு தூரத்தில் நின்றாலும் அவர் கண்கள் அக்கோட்டிலேயே விழும்.

மின்கம்ப இடைவெளிகளையும் ஊகிக்காதீர்கள். முதற்கம்பத்தின் உச்சியிலிருந்து இரண்டாவதன் நடுப்புள்ளி வழியாகக் கோடிழுங்கள். அது கம்பங்களின் அடிக்கோட்டைத் தொடும் இடமே மூன்றாவது கம்பம். (தரைக்கட்டங்களை மூலைவிட்டத்தால் சரிபார்க்கும்படி இத்தாலியக் கட்டடக்கலைஞர் ஆல்பர்ட்டி 1435இலேயே எழுதிவிட்டார்!)

யாழ்ப்பாணத்தின் தட்டை நிலத்தில் தொடுவானத்தைத் தாளின் நடுவில் வைத்தால் படம் இரண்டாகப் பிளந்துவிடும். நான் கீழ் மூன்றிலொரு பங்கில் வைப்பேன். அப்போது பரவைக்கடலில் மீன்பிடிக்க நட்ட தடிகள் வானத்தை வெட்டி நிற்கும். கிட்டத்துத் தடியை மட்டும் கருமையாகத் தீட்டுங்கள்.