கதிர் தலை சாய்ந்திருக்க வேண்டும்

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் நீடாமங்கலம். அப்பா சுவர் விளம்பரம் எழுதினவர். ஃபிளெக்ஸ் வந்த பிறகு தொழிலை விட்டுவிட்டார். நான் சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் தமிழ் வாசகங்கள் எழுதுகிறேன். கூட வேலை செய்கிறவர்கள், "இந்தக் காலத்துக் கலை விளம்பரம்தான்" என்கிறார்கள். இலக்கிய நண்பர்களோ, காசு வாங்கிக்கொண்டு புகழ்ந்து எழுதுவது ஒருநாளும் கலையாகாது என்கிறார்கள். அப்பாவைக் கேட்டால், "கலையாவது ஒண்ணாவது, வாங்குன காசுக்கு எழுத்து பளிச்சுன்னு தெரியணும்" என்று முடித்துவிடுகிறார். இப்போது டெல்டா மாவட்டங்களுக்காக ஒரு நகைக்கடன் நிறுவனத்தின் வானொலி விளம்பரம் என் கைக்கு வந்திருக்கிறது. மேட்டூர் திறக்கிற சமயத்தில் ஒலிபரப்பாகும். எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. விளம்பரம் கலையா, இல்லையா?

ம., நீடாமங்கலம்

அன்புள்ள ம.,

உங்கள் இலக்கிய நண்பர்களிடமிருந்து தொடங்குகிறேன். அவர்கள் வாதம் நம் ஊர்ப்பக்கம் ஒரு நாள்கூடத் தாங்காது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அவர்களை அழைத்துப் போங்கள். "திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்" என்று தொடங்கும் ராஜராஜனின் மெய்க்கீர்த்தியைக் காட்டுங்கள். அரசனின் பெருமையைச் சொல்வதற்கென்றே இயற்றி, ஊர் ஊராகக் கோயில் சுவர்களில் வெட்டிய வாசகம் அது. கல்வெட்டின் விஷயம், கோயிலில் அணையாமல் எரிகிற ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடு விட்டதாக இருக்கும். இருந்தாலும் தலைப்பில் அதே வரிகள் நிற்கும். ஆட்சியாண்டு ஏற ஏற, வென்ற நாடுகளின் பட்டியலும் நீண்டுகொண்டே போகும். ஒரே வாசகத்தை எல்லா ஊரிலும் எழுதுவது, புதுச் செய்தி வந்தால் சேர்த்துக்கொள்வது என்று இன்றைய பிரச்சாரத்தின் வேலைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. அதே சமயம் அந்த அகவல் நடையை வாய்விட்டுப் படித்த யாரும் அதில் கவிதை இல்லை என்று சொல்ல மாட்டார்கள். கூலிக்கு எழுதியது என்பதால் மட்டும் ஒன்றைக் கலையிலிருந்து தள்ளிவைக்க முடியாது. தள்ளினால் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளையும் சேர்த்தே தள்ள வேண்டிவரும்.

அதைவிடப் பழைய சான்றும் காவிரிக் கரையில்தான் இருக்கிறது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் கொடிகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது. தெய்வத்துக்குக் கொடி, வாதுக்கு அழைக்கும் அறிஞர்களின் கொடி, துறையில் ஆடும் கப்பல்களின் கொடி. கடைசியில் கள் விற்கும் இடத்தின் கொடி, "நறவு நொடைக் கொடி". அந்தக் கடை வாசலை உருத்திரங்கண்ணனார் எப்படிக் காட்டுகிறார் என்று பாருங்கள். மீனை வெட்டுகிறார்கள், இறைச்சியை அறுக்கிறார்கள், முற்றத்தில் பொரிக்கிற சத்தம் கேட்கிறது, மணல் பரப்பிப் பூச் சிதறிய வாசலில் பலரும் நுழைகிறார்கள். கொடி தூரத்தில் வருகிறவனுக்கு. பொரிக்கிற சத்தமும் மணமும் பக்கத்தில் வந்துவிட்டவனுக்கு. விற்கிற பொருளே வாசலில் நின்று பேசுகிறது. எனக்குத் தெரிந்த நல்ல விளம்பரங்களில் இது ஒன்று.

இனி உங்கள் அலுவலக நண்பர்கள். விளம்பரம்தான் இந்தக் காலத்துக் கலை என்று அவர்கள் ஒரேயடியாகச் சொல்வதிலும் எனக்குச் சம்மதமில்லை. 1891-ல் பாரிஸில் மூலான் ரூஜ் என்ற நடன அரங்குக்காகத் துலூஸ் லோத்ரெக் ஒரு சுவரொட்டி வரைந்தார். இன்று அது அருங்காட்சியகங்களில் தொங்குகிறது. சத்யஜித் ராய் 1943-ல் கல்கத்தாவில் டி.ஜே. கீமர் என்ற விளம்பர நிறுவனத்தில் ஓவியராகச் சேர்ந்து பல வருடங்கள் இருந்தார். இந்த இரண்டு பெயரையும் அவர்கள் உங்களிடம் கட்டாயம் சொல்லியிருப்பார்கள். பெயர்களைச் சொல்லிவிட்டால் போதாது. லோத்ரெக்கின் படத்தில் நடுவே லா குலூ காலைத் தூக்கி ஆடுகிறாள். முன்னால் நெட்டையாக ஒரு ஆணின் சாம்பல் நிற நிழலுரு. பின்னால் தொப்பி வைத்த கூட்டம் முழுக்கக் கறுப்பு. இரவெல்லாம் அந்த அரங்கில் உட்கார்ந்து ஆட்டத்தைக் கண்ணால் அளந்த ஒருவர்தான் அப்படிப் போட முடியும். மூலான் ரூஜுக்குக் கூட்டம் சேர்ப்பது அதன் வேலை. அந்த வேலையை, அங்கே உண்மையில் இருந்ததைக் காட்டியே அது செய்தது.

நான் சொல்ல வருவது இதுதான். விற்கிற பொருளை உற்றுப் பார்க்கிற விளம்பரத்தில் கலை நுழைந்துவிடுகிறது. வாங்குகிறவனின் பயத்தை உற்றுப் பார்க்கிற விளம்பரத்தில், எவ்வளவு திறமை இருந்தாலும், நுழைவதில்லை.

உங்கள் அப்பா செய்த தொழிலிலிருந்தே ஒன்று சொல்கிறேன். வலங்கைமான் பக்கம் ஒரு ரைஸ்மில் சுவரில் உரக்கம்பெனி விளம்பரம் எழுதிக்கொண்டிருந்த ஒருவரைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பு அடித்துக் காய்ந்த சுவர். நீலம் தோய்த்த நூலை இரண்டு பையன்கள் இரு முனையில் இழுத்துப் பிடிக்க, அவர் நடுவில் சுண்டினார். கோடு விழுந்தது. சாக்பீஸால் எழுத்தின் வெளிக்கோடு, அப்புறம் வஜ்ரப் பசை கரைத்துக் கலக்கிய கலர்ப்பொடி. எழுத்துக்கு எழுத்து இடம் விட ஸ்கேல் கிடையாது, எல்லாம் கண்தான். 'ர'வுக்கு வேண்டிய இடம் வேறு, 'ணை'க்கு வேண்டிய இடம் வேறு. நாலு எழுத்து முடிந்ததும் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு வருவார். பஸ் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அது ஒரே மூச்சில் படிக்க வர வேண்டும்.

எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு நெற்கதிர் வரைய வேண்டும். கம்பெனி கொடுத்த மாதிரிப் படம் காலடியில் கிடந்தது. அதில் கதிர் கோதுமை மாதிரி விறைப்பாக நிமிர்ந்து நின்றது. அவர் வரைந்த கதிர் வளைந்து, தலை சாய்ந்து தொங்கியது. பட்டை பிரஷ்ஷின் ஓரத்தால் ஒரு தட்டுக்கு ஒரு மணி. "என்னண்ணே, படத்துல நிமிந்துல்ல இருக்கு?" என்றேன். திரும்பாமலே சொன்னார்: "நிமிந்து நின்னா பதர் தம்பி. மணி புடிச்ச கதிரு குனியும். அவன் குடுத்த மாதிரியே போட்டா விவசாயி பாத்து சிரிச்சுட்டுப் போயிடுவான்."

அந்தக் கதிருக்கென்று அவருக்குத் தனியாகக் கூலி கிடையாது. சரியாக வரையச் சொன்னவரும் யாரும் இல்லை. அதற்குக் கலை என்றுதான் நான் பெயர் சொல்வேன். உங்கள் அப்பா மறுத்தாலும் சொல்வேன். எழுத்து பளிச்சென்று தெரிய வேண்டும் என்ற அவருடைய பிடிவாதமும் இந்த வகைதான்.

அதே மாதிரிச் சுவர்களில் பூச்சிமருந்து விளம்பரங்களும் இருந்தன. கோரைப்பல் வைத்த பூச்சி, வாடிப்போன வயல், கையைப் பிசைந்து நிற்கும் ஒரு குடும்பம். நன்றாக வரையப்பட்ட படங்கள்தான். பயிரைப் பற்றி அவற்றில் ஒரு வார்த்தை கிடையாது. பக்கத்து வயல்காரன் அடித்துவிட்டான், நீ அடிக்காவிட்டால் போச்சு என்பதுதான் மொத்தச் செய்தி. வயலில் நடந்தது வேறு. கண்மூடித்தனமாக மருந்து அடித்தால், நெல்லின் சாற்றை உறிஞ்சுகிற புகையான் பூச்சியைத் தின்கிற சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் முதலில் சாகும். தின்ன ஆளில்லாமல் புகையான் முன்னைவிட அதிகமாகப் பெருகும். பூச்சியியல் படித்தவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். பயத்தைத் தூண்டி விற்றவர்களுக்குச் சிலந்தியைப் பற்றிக் கவலை எதற்கு? அந்த ஓவியர்களின் கைத்திறமையை நான் மதிக்கிறேன். அந்தத் திறமையைக் கொண்டுபோய் எதில் போட்டார்கள் என்பதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

நீங்கள் வானொலிக்கு எழுதுவதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வந்தது. குறுவைக்கு ஏற்ற குறுகிய கால ரகம். திருச்சி வானொலி நிலையம் அதை டெல்டா முழுக்கக் கொண்டுபோனது. நாற்று விடுவதிலிருந்து உரம், பூச்சி வரைக்கும் பண்ணைச் செய்தியாகத் தொடர்ந்து சொன்னார்கள். விவசாயிகள் அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தக் காலத்து ரசாயன விவசாயத்தைப் பற்றி எனக்கு வேறு வருத்தங்கள் உண்டு, அது தனிக்கதை. ஆனால் ஒரு பொருளை ஊடகத்தின் பெயராலேயே ஜனங்கள் கூப்பிட ஆரம்பிக்கிற அளவுக்கு ஒரு விளம்பரம் வென்றதாக இந்தப் பக்கம் வேறு உதாரணம் எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் பாட்டுக் கட்டவில்லை. வயலில் என்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொன்னார்கள். கேட்கிறவனை விவரம் தெரிந்த ஆளாக நடத்தினார்கள்.

இப்போது உங்கள் நகைக்கடனுக்கு வருகிறேன். கை ஓடாததற்குக் காரணம் உங்களுக்கே தெரியும் என்று நினைக்கிறேன். நீடாமங்கலத்தில் வளர்ந்தவருக்கு ஜூன் 12 என்றால் என்னவென்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மேட்டூர் திறக்கும் செய்தி வந்ததும் விதைக்கும் உழவுக்கும் நடவுக் கூலிக்கும் பணம் வேண்டும். பீரோவிலிருந்து செயினும் வளையலும் கிளம்பும். உங்கள் நிறுவனம் அந்த வாரத்தைத்தான் குறிவைத்திருக்கிறது. அதில் தப்பில்லை. கடன் தேவைப்படுகிறவருக்குக் கடன் எங்கே கிடைக்கும் என்று சொல்வது உதவிதான்.

பொருளைப் பாருங்கள் என்றுதான் உங்களுக்கும் சொல்வேன். இங்கே பொருள் கடன். அதற்கு வட்டி உண்டு, தவணை உண்டு, தவணை தாண்டினால் ஏலம் உண்டு. கடன் கம்பெனிகளின் முழுப்பக்க விளம்பரத்தில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருக்கிறது. வேறொரு நாள், அதே செய்தித்தாளின் உள்பக்கத்தில், கடன் எண்களை மட்டும் பொடி எழுத்தில் அடுக்கி ஏல அறிவிப்பு வருகிறது. அதுவும் காசு கொடுத்துப் போடுகிற விளம்பரம்தான். இந்த இரண்டும் ஒரே வாசகத்தில் சந்திக்கும்படி உங்களால் எழுத முடியும். நூற்றுக்கு மாதம் எவ்வளவு, குறுவை அறுத்து நெல் போட்டுப் பணம் கைக்கு வருகிற வரைக்கும் தவணை தாங்குமா, தாங்காவிட்டால் யாரிடம் போய்ப் பேசுவது. அரை நிமிடத்தில் இதற்கெல்லாம் இடமுண்டு. அடுப்படியில் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கும் அம்மா, கழுத்திலிருந்து கழற்றுவதற்கு முன்னால் மனக்கணக்குப் போட அது போதும்.

கம்பெனி ஒத்துக்கொள்ளாது என்பீர்கள். கேட்டுப் பாருங்கள். விவரத்தை வெளிப்படையாகச் சொல்கிற கடைக்குத்தான் நம் ஜனங்கள் திரும்பத் திரும்பப் போவார்கள் என்று வியாபாரக் கணக்காகவே எடுத்துச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் சிரிக்கிற குடும்பம்தான் வேண்டும், வட்டியைப் பற்றிப் பேசக்கூடாது என்றால், அந்த விளம்பரத்தை வேறு யாராவது எழுதட்டும். நீங்கள் எழுத வேண்டாம்.

எழுதினால் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். வட்டி எத்தனையாவது வரியில் வருகிறது என்று பார்க்க ஆசை.