டாக்டர் பட்டம் இருந்தால் தலைமையாசிரியர் ஆகிவிடலாமா?

அன்புள்ள அக்கா,

போன சனிக்கிழமை சிலிம் ரிவர் கோயில் மண்டபத்தில், சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டே நீங்கள் கேட்டதற்கு அங்கேயே பதில் சொல்ல முடியவில்லை. மகள் ஒன்பது வருடமாகத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. இப்போது பள்ளித் தலைமைத்துவம், கல்விக் கொள்கை என்று பிஎச்.டி. படிக்கப் போகிறேன் என்கிறாள். அண்ணனின் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்துக் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். அந்தக் காசை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

டாக்டர் பட்டம் வாங்கினால் தலைமையாசிரியர் நாற்காலி தானாக வரும் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். வராது. அந்தப் பதவிக்குக் கல்வி அமைச்சு எதிர்பார்ப்பது என்.பி.கியூ.இ.எல். என்ற தலைமைத்துவச் சான்றிதழ். அதை நடத்துவது அமைச்சின் அமினுடின் பாக்கி பயிற்சிக் கழகம். மகளுக்கு வேண்டியது தலைமையாசிரியர் பதவி மட்டும்தான் என்றால், அந்த வழியில் போகட்டும். பிஎச்.டி.யில் ஐந்தாறு வருடம் போடுவது சுற்றுவழி. விரிவுரையாளராகவோ, அமைச்சில் கொள்கை ஆய்வுப் பக்கமோ போக ஆசை என்றால் கதை வேறு.

அதனால் அன்றைக்கு அவளைத் தனியாக அழைத்து ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "என்ன கேள்விக்குப் பதில் தேடப் போற?" கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். அவள் பள்ளியின் மூன்றாம் ஆண்டு வருகைப் பதிவேடு. மொத்தம் நான்கு பெயர். தோட்டத்து லய வீடுகளை விட்டுக் குடும்பங்கள் டவுனுக்குப் போய்விட்டன, பள்ளி மட்டும் தோட்டத்து நிலத்தில் செம்பனைக்கு நடுவே நிற்கிறது. தலைமையாசிரியர் பாடமும் நடத்துகிறார், ஆபீஸ் வேலையும் பார்க்கிறார், பள்ளியை டவுனுக்கு மாற்றலாமா என்று பள்ளி வாரியத்தோடும் மல்லுக்கட்டுகிறார். 150 மாணவருக்குக் குறைந்தால் அமைச்சின் கணக்கில் அது குறைந்த மாணவர் பள்ளி. நிலம் அரசாங்கத்துடையதா தோட்டத்துடையதா என்பதைப் பொறுத்து உதவியும் மாறுகிறது. இதில் தலைமையாசிரியரால் எதை முடிவு செய்ய முடியும், எதை முடியாது? பத்து நிமிடம் மூச்சு விடாமல் பேசினாள். இது ஆராய்ச்சிக்குத் தாங்கும் கேள்விதான் அக்கா. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, தகுதிக்கு வருவோம். நம் மலேசியத் தகுதித் தர அளவில் முனைவர் பட்டம் எட்டாம் நிலை, முதுகலை ஏழாம் நிலை. பொதுவாக முதுகலை முடித்தவரைத்தான் சேர்ப்பார்கள். இளங்கலையில் சராசரிப் புள்ளி (சி.ஜி.பி.ஏ.) 3.67 அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களுக்குக் குறுக்குவழி உண்டு, ஆனால் கட்டுப்பாடுகள் அதிகம். அவளிடம்தான் முதுகலை இருக்கிறதே. ஆனால் அது தமிழ் இலக்கியத்தில். அதற்காகக் கதவை மூட மாட்டார்கள், கல்வி நிர்வாகம், ஆய்வு முறை என்று ஒன்றிரண்டு பாடங்களைக் கூடுதலாகப் படிக்கச் சொல்லலாம். முதுகலையில் அவள் ஆய்வேடு எழுதினாளா, வெறும் பாடத் தேர்வு மட்டும் எழுதினாளா என்பதையும் பார்ப்பார்கள். வீட்டு அலமாரியில் பைண்டு செய்த புத்தகம் ஏதாவது இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

அடுத்து, எந்த வகை? முழுக்க ஆராய்ச்சியாகச் செய்யலாம், அல்லது பாடமும் ஆய்வேடும் கலந்து செய்யலாம். கலந்து செய்வதற்குக் குறைந்தது 80 கிரெடிட். பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்குக் கலந்த வகைதான் நல்லது என்பது என் அபிப்பிராயம். வாரா வாரம் வகுப்பு இருந்தால்தான் படிப்பு நகரும். தனியாக விட்டால் இரண்டாம் வருடமே தூங்கிவிடும், நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன்.

எங்கே படிப்பது? காரில் அரை மணி நேரத்தில் தஞ்சோங் மாலிம். 1922இல் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் பல்கலைக்கழகமான உப்சி (சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம்) அங்கேதான் இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் கல்வி நிர்வாகம், திட்டமிடல், கொள்கைக்கென்றே ஒரு துறை உண்டு. பினாங்கில் யு.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) இருக்கிறது. வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக மட்டும் உப்சியைப் பிடிக்க வேண்டாம். சின்னப் பள்ளிகளைப் பற்றி எழுதியிருக்கும் சூப்பர்வைசர் யார் என்று தேடி, மூன்று பக்கக் குறிப்போடு அவருக்கு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள். நல்ல சூப்பர்வைசர் கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

சேர்ந்த பிறகு ஆய்வுத் திட்டத்தைக் குழுவின் முன் வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும். அப்புறம்தான் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் வரும். சொந்தப் பள்ளி என்றாலும் நினைத்த நேரத்தில் போய் ஆசிரியர்களைப் பேட்டி எடுக்க முடியாது. ஈராஸ் என்ற இணைய முறை வழியாகக் கல்வி அமைச்சின் அனுமதி, அதைக் காட்டி மாநிலக் கல்வி இலாகாவின் அனுமதி, கடைசியாகத் தலைமையாசிரியரின் சம்மதம். பள்ளி ஆண்டு முடியும் நேரத்தில் விண்ணப்பித்தால் கடிதம் வருவதற்குள் பள்ளி மூடிவிடும், ஒரு தவணையே வீண். பிறகு ஆய்வேடு, இதழ்களில் கட்டுரை, கடைசியில் வெளித் தேர்வாளர் முன்னால் வாய்மொழித் தேர்வு.

பணத்துக்கு வருகிறேன். வேலையில் உறுதி செய்யப்பட்ட ஆசிரியர்களுக்கு ஹெச்.எல்.பி. என்ற அரசாங்க உபகாரச் சம்பளம் இருக்கிறது. கிடைத்தால் சம்பளத்தோடு படிப்பு விடுப்பு, பிறகு அரசாங்கத்துக்கு வேலை செய்து ஒப்பந்தத்தைக் கழிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பகுதிநேரமாகப் படித்து, தவணைக்குத் தவணை அவள் சம்பளத்திலேயே கட்டட்டும். இரண்டிலும் அண்ணனின் சேமிப்புக்கு வேலையே இல்லை. ஆறே மாதத்தில் டாக்டர் பட்டம், கோலாலம்பூர் ஹோட்டலில் மேலங்கி போட்டுப் படம் என்று யாராவது வந்தால், படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் எம்.கியூ.ஏ. (மலேசியத் தகுதி முகமை) பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். பேச்சை மாற்றுவார்கள்.

வரும் சனிக்கிழமை மகளை அனுப்புங்கள். இரண்டு பட்டத்தின் மதிப்பெண் பட்டியல், அந்த பைண்டு புத்தகம், அவள் கேள்வியை ஒரே பக்கத்தில் எழுதிய தாள். மலாயோ ஆங்கிலமோ, இரண்டில் எதில் எழுதினாலும் சரி. நீங்களும் வாருங்கள், ஆனால் முதல் ஒரு மணி நேரம் வெளியே டீ குடித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.