கடித்த மாதிரி ஒரு மூலை

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்கு, இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வர்க்கப் பூர்த்தி முறை பிடிபடவில்லை. எக்ஸின் கெழுவில் (அதைப் பெருக்கும் எண்ணில்) பாதியை எடுத்து, வர்க்கமாக்கி, இரண்டு பக்கமும் கூட்ட வேண்டுமாம். ஏன் பாதி என்று கேட்டால், "அப்படித்தான், எழுது" என்கிறார்களாம். சூத்திரம் இருக்கும்போது இது எதற்கு?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: "அப்படித்தான், எழுது" என்று நானும் பத்து வருடம் சொல்லியிருக்கிறேன் அம்மா. ஒருநாள் பழைய காலண்டர் அட்டையும் கத்தரிக்கோலுமாக வகுப்புக்குப் போன பிறகுதான் அந்தப் பழக்கம் விட்டது.

எக்ஸுக்குப் பதில் 'ப' என்று வைத்துக்கொள்வோம்: ப² + 10ப = 39. பாக்தாதில் அல்-குவாரிஸ்மி ஏறத்தாழ 820-இல் எழுதிய அல்ஜீப்ரா நூலில் உள்ள கணக்குதான். பக்கம் 'ப' உள்ள ஒரு சதுரம் வெட்டுங்கள். ('ப' எவ்வளவு என்றே தெரியாதே என்பான் மகன். ஏதோ ஓர் அளவில் வெட்டச் சொல்லுங்கள்.) 10ப என்பது 'ப' நீளம், 10 அகலம் உள்ள பட்டை. அதை முழுசாக ஒரு பக்கம் ஒட்டினால் செவ்வகம்தான் வரும். நமக்கு வேண்டியது சதுரம். அதனால் நீளவாக்கில் இரண்டாக வெட்டி, 5 அகலத் துண்டு ஒன்றை வலப்பக்கமும் இன்னொன்றைக் கீழேயும் ஒட்ட வேண்டும். பாதி வந்தது இப்படித்தான்.

அன்று கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், "சார், மூலையில யாரோ கடிச்ச மாதிரி இருக்கு" என்றான். அந்த மூலைதான் 5 × 5 = 25. அதை அடைத்தால் முழுச் சதுரம். 39 + 25 = 64, பக்கம் 8. ஐந்தைக் கழித்தால் ப = 3. 8-க்குப் பதில் −8 எடுத்தால் (அதன் வர்க்கமும் 64தான்) ப = −13. அட்டையில் −13 வெட்ட முடியாது. அல்-குவாரிஸ்மியும் 3-ஐ மட்டும்தான் சொன்னார். மகன் இரண்டையும் எழுதட்டும்.

சூத்திரம்? எண்களுக்குப் பதில் எழுத்துகளை வைத்து இதே வேலையைச் செய்தால் கிடைப்பதுதான் அது.

அப்புறம், பையன்கள் தடுக்கி விழுவது 3ப² + 5ப = 2 மாதிரி கணக்கில். மூன்றால் வகுத்ததும் பின்னம் வந்து குழப்பும். பழைய இந்தியக் கணித அறிஞர் ஸ்ரீதரரின் வழி சுலபம்; பின்னால் வந்த கணித அறிஞர் இரண்டாம் பாஸ்கரர் தம் 'பீஜகணிதம்' நூலில் அவர் பெயரைச் சொல்லியே எடுத்துக் காட்டியிருக்கிறார். முதல் கெழுவின் நான்கு மடங்கால், அதாவது 12-ஆல் பெருக்குங்கள்: 36ப² + 60ப = 24. நடுக்கெழு 5-இன் வர்க்கத்தைக் கூட்டுங்கள்: (6ப + 5)² = 49. 6ப + 5 என்பது 7 அல்லது −7. ஆக, ப = 1/3 அல்லது −2. கடைசி வரி வரை பின்னம் தலைகாட்டவே இல்லை, பார்த்தீர்களா?