டோக்கன் போனா போகட்டும், மிச்ச நகையை வெக்காதீங்க

கேள்வி: திருநெல்வேலியில இருந்து கோயம்புத்தூர் வந்து எட்டு மாசம் ஆச்சு சார். மாசம் கைக்கு 82,000 வருது, வாடகை 16,000, ஊருக்கு 12,000, கார் ட்யூ 9,000 போயிடும். அன்னூர் பக்கம் 4 சென்ட் ப்ளாட், சென்ட் 6 லட்சம், டாக்குமென்ட் எல்லாம் க்ளியர். அத்தான் (அக்கா வீட்டுக்காரர்) அதே லேஅவுட்ல ரெண்டு ப்ளாட் வெச்சிருக்கார், எனக்காக 50,000 டோக்கனும் (அட்வான்ஸ்) கொடுத்துட்டார். பேங்க் 18 லட்சம் தருது, மிச்சத்துக்கு பர்சனல் லோன் 4 லட்சம், மனைவி நகை மேல 4 லட்சம். ரெண்டு வருஷத்துல வித்துடலாங்கறார். வருஷம் 12% கியாரண்டின்னு 'மேனேஜ்டு ஃபார்ம்லேண்ட்' (நாம நிலத்தை வாங்கினா கம்பெனியே மரம் வளர்த்துப் பார்த்துக்கறது) ஒண்ணும் சொல்றாங்க, அது எப்படி? கார் வாங்கறப்போ 1.5 லட்சத்துக்கு வெச்ச நகை இன்னும் மீட்கல, வருஷா வருஷம் வட்டி மட்டும் கட்டி மாத்தி வெக்கறேன். வாங்கலாமா?

பதில்: பட்டா, வில்லங்கம், டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அனுமதி எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுங்க. எனக்கு உறுத்தறது கடைசி வரிதான். காருக்கும் முன்பணம் நகையில இருந்து, இப்போ நிலத்துக்கும் நகையில இருந்து, நடுவுல வருஷா வருஷம் வட்டியை மட்டும் கட்டி மாத்தி வெச்சுட்டு இருக்கீங்க. நம்ம கைக்காசா போட வேண்டியதையும் கடன்லயே போடற இந்தப் பழக்கம் இருக்கறவரைக்கும் அன்னூர் என்ன, சிட்டி நடுவுல ஆர்.எஸ்.புரத்துலயே கிடைச்சாலும் வேண்டாம்பேன்.

தோராயமா போடுவோம். ப்ளாட் லோன் 9% வட்டி, 15 வருஷம்னா மாசம் 18,000 சொச்சம், பர்சனல் லோன் நாலு வருஷத்துக்கு 11,000, நகை வட்டி 3,300, ஆக 32,000க்கு மேல. நீங்க எழுதின வாடகை 16,000, ஊருக்கு அனுப்பறது 12,000, கார் ட்யூ 9,000 சேர்த்தா மிச்சம் 12,500 தான், அதுல மளிகை, பெட்ரோல், பையன் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம்.

சரி, ரெண்டு வருஷத்துல விக்கலாம்னா எவ்வளவுக்கு? நிலம் 24, பத்திரச் செலவு 9% வெச்சா 2.16, ரெண்டு வருஷ வட்டி கிட்டத்தட்ட 5, புரோக்கர் கமிஷன் வேற. 31 லட்சத்துக்கு மேல போனாத்தான் போட்டதே வரும். அந்த விலைக்கு வாங்க வர்றவரும் இதே 9% கட்டணும்ங்கறதை மறந்துடாதீங்க. அத்திக்கடவு தண்ணி வந்துடுச்சு, விலை எகிறிடும்னு புரோக்கருங்க சொல்லுவாங்க. அது குளம் குட்டையை நிரப்புற திட்டம், உங்க ப்ளாட்டுக்கு பைப் போடற திட்டம் இல்ல. போர்வெல் எத்தனை அடிக்குப் போகுதுன்னு பக்கத்து வீட்டுல கேளுங்க, மழை பெஞ்ச மறுநாள் ரோட்டைப் போய் பாருங்க. அத்தான்கிட்ட ரெண்டு ப்ளாட் இருக்கு, இன்னொருத்தர் அதே விலைக்கு வாங்கினா அவருக்கு நல்லதுதானே. தப்பா சொல்லல, ஆனா இதுல அவர் வெறும் பார்வையாளர் இல்ல.

கூடவே கேட்டிருந்த அந்த 'மேனேஜ்டு ஃபார்ம்லேண்ட்', வருஷம் 12% கியாரண்டிங்கறது... மரம் எப்படிங்க கியாரண்டி கொடுக்கும்? விவசாய நிலத்தை சென்ட் சென்ட்டா பிரிச்சு விக்கறதுல வீடு கட்டவே தனி அனுமதி வாங்கணும், ஹாகா (மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமம்) பட்டியல்ல இருக்கற அடிவார கிராமம்னா அதோட அனுமதியும் சேரும். அந்தப் பக்கமே போகாதீங்க.

மொதல்ல மாசம் 25,000 கட்டி ஆறு ஏழு மாசத்துல கார் நகையை மீட்டு வீட்டுக்குக் கொண்டு வாங்க. அப்புறம் அதே 25,000 ஆர்டியில (மாசா மாசம் கட்டற பேங்க் சேமிப்பு). ஒன்றரை வருஷத்துல நாலரை லட்சம் உங்க சொந்தக் காசு, போனஸையும் சேர்த்துட்டு அப்போ சின்னதா 2 சென்ட், இல்ல வேற ஏரியா, பேசுவோம். டோக்கன் 50,000ஐ லேஅவுட்காரர் திருப்பித் தரலேன்னா அத்தானுக்கு நீங்களே கொடுத்துடுங்க, நீங்க கட்டப்போற வட்டியில அது ரெண்டரை மாசத்துக் காசுதான். அக்காகிட்ட மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க.